எஞ்சினுக்கு அடியில் நத்தைகள்

கொட்டகைக்குள் நுழைந்ததும் அவள் செய்த முதல் காரியம், எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததுதான். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. ஜில்லென்று இருந்தது.

பழைய பைக் பார்க்கப் போகிற இடத்தில் எஞ்சின் சூடாக இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடு என்று, அவளுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்த பயிற்சித் திடல்காரி சொல்லி அனுப்பியிருந்தாள். ஆள் வருவதற்குள் உதைத்து உதைத்துக் கிளப்பி, வண்டியின் சண்டித்தனத்தை மறைத்துவிடுவார்களாம்.

“எஞ்சின் ஆறியிருக்கா?” என்று வாசலில் நின்றபடி கணவர் கேட்டார்.

“ஆறியிருக்கு.”

“அப்ப ஒண்ணாவது சரி” என்று கையிலிருந்த தாளில் ஒரு கோடு இழுத்தார். அவர் நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவர். அச்சில் வராத எதையும் நம்பமாட்டார். பழைய மோட்டோகிராஸ் பைக் வாங்குகிறவர்கள் எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று எங்கெங்கிருந்தோ திரட்டி, முப்பத்தாறு கேள்விகளை நாலு தாளில் அடித்து, மூலையில் பின் குத்தி எடுத்து வந்திருந்தார். நாற்பத்து மூன்று வயதில் மேட்டிலும் பள்ளத்திலும் தாவுகிற வண்டி எதற்கு என்று ஒரு வாரம் வாதாடிப் பார்த்தவரும் அவர்தான். எட்டாம் நாள், “கையைக் காலை உடைச்சுக்கறதுன்னு முடிவு பண்ணிட்ட. நல்ல வண்டியிலயாவது உடைச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு அச்சு இயந்திரத்தைப் போட்டார்.

எதற்கு என்று அவளே தட்டுத்தடுமாறித்தான் கண்டுபிடித்திருந்தாள்.

மருத்துவமனையின் பின்கட்டில் செயற்கைக் கால் செய்கிற பட்டறைக்கு அவள் பொறுப்பாளர். வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷம் ஆனதற்கு, கூட இருப்பவர்கள் கேலியாக ஒரு பரிசு கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் மண் திடலில் ஒரு மணி நேர பைக் பயிற்சிக்கான சீட்டு. ‘ஊரையே நடக்க வைக்கிறீங்க, நீங்க ஒரு தரம் பறந்துட்டு வாங்க’ என்று அட்டையில் எழுதியிருந்தது. போகாவிட்டால் முகம் வாடுவார்களே என்று போனாள். இரண்டு முறை சேற்றில் குப்புற விழுந்தாள். அதற்கப்புறம் ஒரு சின்ன மேட்டின் உச்சியில் இரண்டு சக்கரமும் மண்ணை விட்டுக் கிளம்பின. ஒரு முழம் உயரம் இருக்குமா? இருக்காது. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த ஒரு மணி நேரமும் அண்ணன் குரல் காதில் கேட்கவேயில்லை.

‘நீயா எழுதின?’

பல் தேய்க்கும்போது, மாவுக்கட்டை அரத்தால் ராவும்போது, கணவர் ஏதாவது தமாஷ் சொல்லிச் சிரிக்கும்போதுகூட, இரண்டு வருஷமாக அந்தக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணனும் அதே பட்டறையில்தான் இருந்தார். வெட்டுப்பட்ட காலின் முனை போய் உட்காருகிற கிண்ணத்துக்கு சாக்கெட் என்று பெயர். இழைத்துணியை அடுக்கடுக்காகச் சுற்றி, பிசின் ஊற்றி இறுக்கி அதை வார்ப்பது அண்ணனின் வேலை. ஒரே ஆளுக்கு ஒன்றரை வருஷத்தில் மூன்று சாக்கெட் விரிசல் விட்டது. மூன்றாம் முறை அந்த ஆள் விழுந்து காறை எலும்பையும் முறித்துக்கொண்டார். மேலிடம் விளக்கம் கேட்டது. ‘பிசின் கலவையில் கவனக்குறைவு’ என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அண்ணனை வேலையை விட்டு அனுப்பினார்கள். ‘நீயா எழுதின?’ என்று அவர் கேட்டபோது, ‘அது குழுவோட முடிவு’ என்றாள். குழு என்பது அவளும், அவள் எழுதியதற்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும். அன்றோடு அண்ணன் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். இப்போது ஒரு கொட்டகையில் கார்களின் உடைந்த பம்பர்களை ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அண்ணன் போன பிறகு அந்த ஆளுக்கு ஒரு சாக்கெட்கூட உடையவில்லையே, அதைவிடச் சாட்சி வேறு என்ன? சரியான காரியத்தைச் செய்தவளுக்கு ஏன் தூக்கம் வருவதில்லை என்பதுதான் விளங்கவில்லை. அந்தக் குரல் இல்லாத ஒரு மணி நேரம் வாரத்துக்கு ஒரு தரமாவது வேண்டும். அதற்காகத்தான் வண்டி.

இதற்கு முன் இரண்டு பார்த்தாயிற்று. முதல் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் அந்தரத்தில் ஆடின. கொடியில் காயப்போட்ட துணிமாதிரி இருக்கிறாய் என்று கணவர் சொன்னார். இரண்டாவது வண்டிக்காரர் கிளப்பிக் காட்டவே மறுத்தார். பெண் பார்க்க வந்துவிட்டுப் பெண்ணைப் பேசச் சொல்லக்கூடாது என்கிற ரகம். பயிற்சித் திடல்காரி தெளிவாகச் சொல்லியிருந்தாள்: “பந்தய வண்டி வேணாம். எஞ்சின் நூத்தைம்பது சிசிக்கு மேல போகாதீங்க. முதல் பைக் கொஞ்சம் பழசா, கொஞ்சம் அடிபட்டதா இருக்கணும். அப்பதான் கீழ போட மனசு வரும்.”

மூன்றாவது இது. விளம்பரத்தில் இருந்த எண்ணில் ஒரு பெண் பேசினாள். வந்து பார்த்தால், முழங்கால் வரை சிவப்பு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். வண்டி தன் வீட்டுக்காரருடையது என்றும், இதைவிட இலேசான ஒன்று அடுத்த மாதம் வருகிறது, அதனால்தான் விற்கிறோம் என்றும், அவர் வேலை முடிந்து வருகிற நேரம்தான் என்றும் ஒரே மூச்சில் சொன்னாள்.

“வண்டிக்கு அவர் பண்ற உபசாரத்தைப் பாக்கணுமே. சேறு போகக் கழுவி, துடைச்சு, எண்ணெய் போட்டு. எனக்கு ஜுரம்னா ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.”

வண்டி ஒரு பச்சை நிற ரப்பர் விரிப்பின்மேல் நின்றது. குளியலறையில் போடுகிற, அடியில் சின்னச் சின்ன உறிஞ்சிகள் வைத்த விரிப்பு. அவளும் ஒரு தரம் இதேபோல ஒன்று வாங்கியிருக்கிறாள். ஊரில் எல்லோரும் ஒரே கடையில்தான் வாங்குவார்கள்போல என்று நினைத்துக்கொண்டாள்.

கணவர் கேள்வியைப் படிக்கப் படிக்க அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். முன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். செயினைப் பின்பக்கமாக இழுத்தாள். பல்சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே வெளிச்சம் தெரியவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி மோந்து பார்த்தாள். ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சாவியால் தட்டினாள், எல்லாம் ஒரே சுருதியில் பேசின. தட்டிக் கேட்பது அவளுக்குப் புதிதில்லை. அண்ணன், வார்த்து முடித்த ஒவ்வொரு சாக்கெட்டையும் விரல்முட்டியால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வெளியே விடுவார்.

இங்கே வந்தும் அண்ணனா என்று அந்த நினைப்பை உதறினாள். ஏறி உட்கார்ந்தபோது இரண்டு கால்நுனியும் தரையைத் தொட்டன. கிக்கரின் மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, கடகடப்பு இல்லை. மனசுக்குள் அவள் ஏற்கெனவே வாங்கியாயிற்று. வாரத்துக்கு ஒரு மணி நேரம். எஞ்சினை அணைத்தாள்.

“பதினேழு. பின் பிரேக். வலது கால் மிதியை அழுத்திப் பார்க்கவும்” என்று கணவர் படித்தார்.

வலது காலால் துழாவினாள். கால் காற்றைத்தான் மிதித்தது.

“இல்லையே.”

“என்ன இல்லை? லூசா இருக்கா?”

“மிதியே இல்லங்க.”

கணவர் தாளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். தாளில் இருப்பது வண்டியில் இல்லாமல் போனதில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. பூட்ஸ்காரி சிரித்தாள். பின் பிரேக் இடது கையில் இருக்கிறதாம், கிளட்சுக்கு மேலே இரண்டாவதாக ஒரு லீவர். வேண்டுமானால் பழையபடி காலுக்கே மாற்றித் தரலாமாம்.

“அவருக்கு வலது கால் கிடையாதுங்க” என்றாள், தன் வீட்டுக்காரருக்கு இன்ன பட்டம் உண்டு என்று சொல்கிற தோரணையில். “முட்டிக்குக் கீழ செயற்கைக் கால். அதோடதான் பத்தடி உயரம் தாவுறார்.”

அந்தக் கணத்தில் அவளுக்கு எழுந்தது பெருமைதான். தொழில் பெருமை. நம் வேலையோ வேறு யாருடைய வேலையோ, ஒரு கால் பத்தடி தாவுகிறதே என்று. பார்வை தானாக வலது பக்கம் கால் வைக்கிற இடத்துக்குப் போயிற்று. அங்கே இரும்பில் ஒரு கிண்ணம் வைத்து வெல்டிங் செய்திருந்தது. பாதம் நழுவாமல் உட்கார்ந்துகொள்ளும்படி. அதை ஒட்டி, வண்டியோடு வந்த பழைய மிதிகட்டையின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. பூட்ஸ் வழுக்காமலிருக்க அதன் விளிம்பில் வரிசையாகப் பல் வைத்திருந்தார்கள்.

“அந்தக் கிண்ணம் அப்புறமா வச்சது” என்று பூட்ஸ்காரி சொல்லிக்கொண்டு போனாள். முன்பெல்லாம் தாவி இறங்குகிற வேகத்தில் பாதம் நழுவி முன்னால் போய்விடுமாம். கெண்டைக்கால் பக்கம் நேராக அந்தப் பல்லில் வந்து மோதுமாம். மூன்று தடவை காலே விரிசல் விட்டுப்போயிற்று, மூன்றாவது தடவை காறை எலும்பும் சேர்ந்து போயிற்று, பிறகுதான் தெருமுனை வெல்டிங்காரர் இதைச் செய்து கொடுத்தார் என்றாள். “அன்னைக்குப் பிடிச்சு ஒரு கீறல் கிடையாது.”

மூன்று தடவை. கெண்டைக்கால் பக்கம்.

‘ஒரே இடத்துல போகுது பாரு’ என்று அண்ணன் அன்று மூன்றாவது சாக்கெட்டை அவள் மேசைமேல் வைத்துச் சொன்னார். ‘கலவை தப்புன்னா கண்ட இடத்துல போகணும். பல்லு பதிஞ்ச மாதிரி இருக்கு. எதுலயோ அடிபடுது. அந்த ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளு.’ கேட்கமுடியாது என்றாள். எப்படி உடைந்தது என்று யாரையும் குடையக்கூடாது, அவர்களாகச் சொல்வதை அட்டையில் எழுதிக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். பட்டறைக்கு அந்த விதியைப் போட்டவளே அவள். காலைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவர்களிடம் கணக்குக் கேட்பது பாவம் என்று நினைத்துப் போட்ட விதி. அந்த ஆளின் அட்டையில் மூன்று முறையும் ஒரே வரி இருந்தது. ‘குளியலறையில் வழுக்கியது.’ மூன்றாம் முறை அவள் தன் கைக்காசில் ஒரு ரப்பர் விரிப்பு வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். பச்சை நிறம்.

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். இறங்கியது அவள்தானா என்று தெரியவில்லை. யாரோ இறங்குவதைத் தள்ளிநின்று பார்ப்பதுபோல இருந்தது. கணவர் பதினெட்டாவது கேள்வியைப் படித்தார். ‘எஞ்சினுக்கு அடியில் கல்லடி பட்ட தடயம் உள்ளதா?’ கேள்வி காதில் விழுந்தது, உடம்பு அதன்படி நடந்தது. முழங்காலை அந்த விரிப்பில் ஊன்றி, தலையைச் சாய்த்து அடியில் பார்த்தாள்.

எஞ்சினுக்கு அடியில் முன்புறமாக, கல் தெறிக்கிற இடத்தில், வளைந்த தகடு ஒன்றைக் கவசமாகப் பொருத்தியிருந்தார்கள். இரும்பு இல்லை. கருநீலம். நீலத்துக்குள் வெள்ளை வெள்ளையாக நத்தைகள்.

நத்தைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து ஏறிக்கொண்டிருந்தன.

சிலர் சாக்கெட்டின் மேலடுக்கில் தங்களுக்குப் பிடித்த துணியை வைத்து வார்க்கச் சொல்வார்கள். ஒருத்தர் மட்டும்தான் நத்தை போட்ட சட்டையைக் கொண்டுவந்தார். ‘நடை இனிமே இப்படித்தானே’ என்று மெதுவாகச் சிரித்துக்கொண்டு நீட்டினார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர், நூலகத்தில் வேலை, சட்டைப்பையில் இரண்டு பேனா. நத்தைக்காரர் என்றே பட்டறையில் பெயராகிவிட்டது. அவர் பொய் சொல்வார் என்று யார் நினைப்பார்கள்? உடைந்த சாக்கெட்டை அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவதும் அவர்கள் வழக்கம். முதல் சாக்கெட்டின் உடையாத பாதியை அவர் நீளவாக்கில் அறுத்து இங்கே பூட்டியிருந்தார்.

“அந்தத் தகடு இருக்கே” என்று தலைக்குமேல் பூட்ஸ்காரியின் குரல் கேட்டது. “அது அவரோட பழைய கால்தாங்க. தூக்கிப்போட மனசு வரலை. மூணு வருஷமா அத்தனை கல்லடியும் அதுதான் வாங்குது. கையால தடவிப் பாருங்க. செஞ்சவன் கையில ஏதோ இருந்திருக்கு.”

தடவிப் பார்த்தாள். மேலே சொரசொரப்பாகப் பூச்சு போயிருந்தது. அடியில் ஒரு பிளவு இல்லை, ஓர் உப்பல் இல்லை. கலவையில் கவனக்குறைவு என்று எழுதிய கையின் விரல்கள் அதன்மேல் நகர்ந்துகொண்டிருந்தன. விரல்முட்டியால் தட்டினாள். ணங்கென்று சொன்னது.

“என்னம்மா, அடி பட்டிருக்கா?” என்று கணவர் கேட்டார்.

 பூட்ஸ்காரி பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் குளியலறையில் வழுக்கிவிட்டது என்றே மூன்று தடவையும் சொன்னாராம். பைக் ஓட்டினேன் என்றால் இலவசக் கால் தரமாட்டார்கள் என்று பயமாம். “அதை நம்பி அந்தம்மா ஒரு பாத்ரூம் விரிப்பு வேற வாங்கிக் குடுத்தாங்க, பாவம். உங்க முட்டிக்கு அடியில இருக்கே, அதுதான்.” நினைத்து நினைத்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. அதில் கள்ளம் எதுவும் இல்லை.

முற்றத்துக் கல்லில் காலடி கேட்டது. இடது கால் சத்தமாக, வலது கால் இமைப்பொழுது தாமதித்து, கொஞ்சம் மெத்தென்று. முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை. அந்தத் தாமதத்தைத் திருகாணி திருகாணியாகக் குறைத்தவள் அவள்தான். எழுந்து திரும்பினாள். நத்தைக்காரர் சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றார்.

“மேடம்” என்றார். பை கையிலிருந்து நழுவியது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

பூட்ஸ்காரியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் பார்வை விரிப்புக்கும் மேடத்துக்கும் ஒரு தரம் போய்வந்தது. பிறகு கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

 திட்டவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் யாரை என்பதில் மனசு தடுக்கியது.

“எங்கிட்ட ஏன் சொல்லலை?” என்று கேட்டாள். 

“சொல்லணும்னுதான் மேடம் ஒவ்வொரு தடவையும் வருவேன். எப்படி உடைஞ்சதுன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா உளறியிருப்பேன். எனக்குப் பொய் வராது.” நத்தைக்காரர் கதவுச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். “நீங்க கேக்கவேயில்லை. ‘பரவாயில்ல, பரவாயில்ல’ன்னுட்டீங்க. அந்த ‘பரவாயில்ல’யில ஒளிஞ்சுக்கிட்டேன்.”

பிறகு, பேச்சை மாற்றுகிறவர்போல, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். பட்டறைக்கு வருகிற எல்லோருக்குமே அவர் அண்ணன்தான். கடைசியாகக் கால் சரிபார்க்க வந்தபோது அவரைக் காணவில்லை, ஓய்வுபெற்றுவிட்டார் என்று யாரோ சொன்னார்கள் என்றார். “துணியை ஒட்டறப்போ எல்லா நத்தையும் மேல ஏறுற மாதிரி வச்சுக் குடுத்தார். ஏன்னு கேட்டேன். இறங்குற நத்தையைப் பாத்துக்கிட்டு யாராவது நடப்பாங்களான்னார்.”

“ஓய்வு இல்லை” என்றாள். “உங்க சாக்கெட் உடைஞ்சதுக்கு அனுப்பிட்டோம். பிசினை ஒழுங்கா கலக்கலைன்னு. எழுதினது நான்.”

நத்தைக்காரர் அப்படியே வண்டியின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. அவருடைய அதிர்ச்சியைப் பார்த்ததும் அவளுக்குத் தன்னுடையது இன்னதென்று துலங்கியது. அவருக்கு, தெரியாமல் நடந்த கேடு. அவளுக்கு அப்படி இல்லை. மூன்றாவது சாக்கெட்டை அறுத்துப் பார்க்க அரைமணி நேரம் போதும். அறுக்காமல் எழுதினாள். வேறு யாராவது வார்த்ததாக இருந்திருந்தால் அறுத்திருப்பாள். அண்ணன் என்பதால் சலுகை காட்டினாள் என்று ஒரு நாக்கும் சொல்லிவிடக்கூடாது, அதுதான் அன்று அவள் கவலை. நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். சொந்த அண்ணனையே விட்டுக்கொடுத்த நியாயஸ்தி என்று தன்னைத் தானே உள்ளூர மெச்சிக்கொண்டதும் இப்போது ஞாபகம் வந்தது. 

“நடந்ததை உங்க கையெழுத்துல எழுதித் தரணும்” என்றாள்.

“காலைத் திருப்பிக் கேப்பாங்களா?” பூட்ஸ்காரிதான் கேட்டாள், மெதுவாக.

கேட்கமாட்டார்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி ஒரு தரம் பட்டாயிற்று. “தெரியலைங்க” என்றாள். “கேக்கக்கூடாதுன்னு நானும் எழுதுவேன். ஆனா தெரியலை.”

நத்தைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் உள்ளே போய்ச் சமையலறை மேசையைத் துடைத்தாள். எழுதத் தாள் தேடினார்கள். கணவர் கேள்விப்பட்டியலைப் புரட்டி, கடைசித் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று நீட்டினார். நூலகத்துக் கையெழுத்து, நிறுத்தி நிதானமாக. மூன்று உடைப்புக்கும் மூன்று தேதி. எழுதி முடித்ததும் நத்தைக்காரர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து, எஞ்சினுக்கு அடியில் இருந்த தகட்டைத் தானே கழற்றினார். கணவர் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தார். விலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

வேனில் பாதி தூரம் வந்ததும் கணவர் கேட்டார். “நம்ம வீட்டுக்குத்தானே?”

“பம்பர் கொட்டகைக்கு.”

அவர் விளக்கைப் போட்டு வண்டியைத் திருப்பினார். தகடு அவள் மடியில் இருந்தது. அண்ணனிடம் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள். இரண்டு வருஷமாக மனசுக்குள் அவரோடு எத்தனையோ பேசியிருக்கிறாள், விளக்கியிருக்கிறாள், வாதாடியிருக்கிறாள். எல்லாப் பேச்சிலும் அவள் பக்கம் நியாயம் இருந்தது. அது இல்லாமல் பேச ஒரு வாக்கியம்கூட அவளிடம் இல்லை.

கொட்டகையில் அண்ணன் ஒரு பம்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கிற இயந்திரத்தின் இரைச்சலில் அவள் வந்தது தெரியவில்லை. புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளைத் தூசு. இரண்டு வருஷத்தில் இத்தனை நரைத்துவிட்டாரா, தூசுதானா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நிமிர்ந்தவர் அவளைப் பார்த்ததும் இயந்திரத்தை அணைத்தார். முகமூடியைக் கழற்றவில்லை.

அவள் தகட்டை மேசைமேல் வைத்தாள். 

அண்ணன் அதைப் பார்த்தார். கையில் எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்தார். விரல்முட்டியால் ஒரு தரம் தட்டினார். பிறகு அவள் நீட்டிய தாளை வாங்கி, முன்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

“ ‘முப்பத்து மூணு. சைலன்ஸரில் ஓட்டை உள்ளதா’… என்ன இது?”

“அது இல்லண்ணே. பின்பக்கம். பைக் பாக்கப் போன இடத்துல…”

“யாருக்கு பைக்?”

“எனக்கு.”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் அவளை நேராகப் பார்த்தார். ஒரு கணம்தான். தாளைத் திருப்பிப் படித்தார். கீழே கையெழுத்து வரை போய், மறுபடி மேலே வந்து, இன்னொரு தரம் படித்தார். தாளின் ஓரத்தில் வெள்ளையாக அவர் விரல்தடம் பதிந்தது. முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றில் ஆச்சரியம் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். இல்லை. அது அவளை உலுக்கியது.

“இது எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார். “ஆளு என்ன பண்றான்னு தெரியாது. என் வேலை என்னன்னு தெரியும். உனக்குத்தான் இன்னைக்குப் புதுசு.”

“ஆமாண்ணே.”

“யாரோ முன்னபின்ன தெரியாத ஆளு பாத்ரூம்னான், நம்பின.”

 அவளிடம் வேறொரு கேள்விக்குத்தான் பதில் இருந்தது. அது இரண்டு வருஷம் பிந்திவிட்டது.

“நான்தாண்ணே எழுதினேன். குழு இல்ல. நான்தான்.”

அண்ணன் தாளை மடித்தார். எங்கே கொடுக்கவேண்டுமோ அங்கே கொடு என்று அவள் பக்கம் நகர்த்தினார். தகட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பிசின் டப்பாக்களுக்கு நடுவே, நத்தைகள் மேலே பார்க்கும்படி அதைச் சாத்தி வைத்துவிட்டு, இயந்திரத்தைப் போட்டார்.

இரைச்சல் கொட்டகையை நிறைத்தது. அவர் போ என்று சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. அவள் நின்றாள். தூசு பறந்து வந்து அவள் கையில், புடவையில், இமையில் படிந்தது. இருமினாள். பம்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணன் இடது கையால் ஆணியில் தொங்கிய இன்னொரு முகமூடியை எடுத்து, மேசையின் இந்தப் பக்கம் போட்டார்.

“கட்டிக்கோ” என்றார். “மூக்குக்குள்ள போனா லேசுல போகாது.”